பார்ப்பது ஒன்று, செலுத்துவது ஐந்து

வங்கிக் கணக்கு அறிக்கையை மாதந்தோறும் வரி வரியாகப் படிக்கும் வாடிக்கையாளர்கள் மிகச் சிலரே. அவ்வாறு படிப்போர் அண்மைக் காலமாகக் கிளைகளில் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்த 299 ரூபாய் எதற்குப் போனது?" என்பது. வாடகை, மின்கட்டணம், வீட்டுக் கடன் தவணை ஆகிய பழகிய பற்றுகளுக்கு நடுவே 149, 299, 499 என்று சிறு தொகைகள் வெவ்வேறு தேதிகளில் கழிக்கப்பட்டிருக்கும். விசாரித்தால் பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஓடிடி தளத்தின் சந்தாவாக இருக்கும். சந்தாவைத் தொடங்கியவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். பணம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து சென்றுகொண்டிருக்கும்.

இணையவழித் திரைத் தளங்கள் இந்தியாவிற்குப் புதியவை அல்ல. சோனிலிவ் 2013-லும் ஹாட்ஸ்டார் 2015-லும் தொடங்கப்பட்டன. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸும் அதே ஆண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும் வந்தன. ஜீ5 தளம் 2018-இல் வந்தது. அந்நாட்களில் இவற்றின் கவர்ச்சியே எளிமைதான். கேபிள்காரருக்குத் தரும் தொகையைப் போல ஒரு தொகை. விரும்பிய நேரத்தில் விரும்பிய படம். ஒரு தளத்தை வைத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும் என்ற நிலை சில ஆண்டுகள் நீடித்தது. பின்னர் படங்களையும் தொடர்களையும் விளையாட்டுகளையும் தனித்தனியே உரிமை பெற்று ஒவ்வொரு நிறுவனமும் தன் வேலிக்குள் வைத்துக்கொள்ளத் தொடங்கியது.

இதற்குக் கிரிக்கெட்டைவிடத் தெளிவான சான்று இல்லை. ஐபிஎல் போட்டிகளின் 2018 முதல் 2022 வரையிலான உரிமையைத் தொலைக்காட்சி, இணையம் இரண்டையும் சேர்த்து ஸ்டார் நிறுவனம் 16,347.50 கோடி ரூபாய்க்குப் பெற்றது. எனவே ஐந்து ஆண்டுகள் ஹாட்ஸ்டார் சந்தா இருந்தால் போதுமானதாக இருந்தது. 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் அடுத்த ஐந்தாண்டு உரிமை இரண்டாகப் பிரிந்தது. இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டாரிடமும், இந்திய இணைய உரிமை 20,500 கோடிக்கு வயாகாம்18 நிறுவனத்திடமும் சென்றன. 2023-இல் போட்டிகள் ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டப்பட்டன. ரசிகர் மகிழ்ந்தார், ஆனால் ஐபிஎல்லை எண்ணி ஹாட்ஸ்டாருக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருந்தவர், தாம் கட்டிய காரணமே அத்தளத்தை விட்டுச் சென்றதைக் கண்டார். அதே 2023 மார்ச் 31-ஆம் நாளுடன் எச்பிஓ தொடர்களும் அங்கிருந்து விலகி, சில வாரங்களில் ஜியோசினிமாவில் கட்டணச் சந்தாவின் கீழ் வந்தன. இறுதியில் இரு நிறுவனங்களும் இணைந்து, 2025 பிப்ரவரி 14 அன்று இரு தளங்களும் ஜியோஹாட்ஸ்டார் என ஒன்றாயின. அவ்வாண்டு முதல் ஐபிஎல்லை முழுமையாகக் காணச் சந்தா அல்லது அதனுடன் இணைந்த ரீசார்ஜ் திட்டம் தேவைப்பட்டது. இரண்டு ஆண்டு இலவசம் ஒரு வாடிக்கையை உண்டாக்கி, பின்னர் அதற்கு விலை வைத்தது என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

இதில் வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சந்தா செலுத்தும்போது நாம் எந்தப் படத்தையும் தொடரையும் வாங்குவதில்லை. அத்தளத்தில் அன்றன்று எது இருக்கிறதோ அதைக் காணும் அனுமதியை மட்டுமே பெறுகிறோம். நாம் ஓராண்டுக்கு முன்பணம் கட்டுகிறோம். தளம் வைத்திருக்கும் உரிமையோ நமது ஆண்டோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

பல மொழிகள் புழங்கும் வீடுகளில் சிதறல் இன்னும் கூடுதல். மும்பையிலோ தில்லியிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டி பார்க்கும் சன் டிவி தொடருக்கு சன் நெக்ஸ்ட். விஜய் டிவி தொடர் என்றால் ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழ் என்றால் ஜீ5. பிள்ளைகளின் ஆங்கிலத் தொடர் நெட்ஃபிளிக்ஸில். புதிதாக வெளியான தமிழ்ப் படம் எந்தத் தளத்தில் வரும் என்பதோ, அந்தப் படத்தின் உரிமையை யார் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. அண்டை வீட்டு வங்காளிக் குடும்பத்திற்கு ஹோய்சோய், மலையாளிக் குடும்பத்திற்கு மனோரமாமேக்ஸ், தெலுங்குக் குடும்பத்திற்கு ஆஹா. பாட்டியின் மூன்று தொடர்களுக்கே மூன்று சந்தாக்கள் தேவைப்படும்போது, பழைய கேபிள் இணைப்பே பரவாயில்லை என்று அவர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கேபிள் இணைப்பிலும் இதே கதை ஒருமுறை நடந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய கட்டண முறையில், முதல் 100 சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும் அடிப்படைக் கட்டணம்; கட்டணச் சேனல்களை வேண்டியபடி தேர்ந்துகொள்ளலாம் என்றானது. பார்ப்பதற்கு மட்டும் பணம் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் முன்பு பார்த்த அதே சேனல்களுக்குக் கூடுதல் தொகை செலுத்த நேர்ந்ததாகப் பலரும் குறை கூறினர்.

இனி எண்களுக்கு வருவோம். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவிற்கான கட்டணத்தைக் குறைத்தது. அப்போது ஸ்டாண்டர்டு திட்டம் மாதம் 649-லிருந்து 499 ஆனது. அதே மாதத்தில் அமேசான் பிரைம் ஆண்டுக் கட்டணம் 999-லிருந்து 1,499 ஆக உயர்ந்தது. ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது விளம்பரமில்லாத பிரீமியம் திட்டம் ஆண்டுக்கு 1,499. இம்மூன்றும் சேர்ந்தால் ஆண்டுக்கு 5,988, 1,499, 1,499 என 8,986 ரூபாய். 2025 ஜூன் முதல் பிரைம் வீடியோவில் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின. அவற்றை நீக்க ஆண்டுக்கு மேலும் 699. ஆக 9,685. பாட்டியின் தொடர்களை இன்னும் சேர்க்கவில்லை.

ஆண்டுத் திட்டமே மலிவு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பன்னிரண்டு மாதமும் பார்ப்பவருக்கு அது உண்மை. மேற்சொன்ன கட்டணங்களில் பிரைமுக்கும் ஜியோஹாட்ஸ்டார் பிரீமியத்துக்கும் மாதத் தொகை 299. ஐந்து மாதங்களுக்கு 1,495. அதாவது ஆண்டில் ஐந்து மாதத்திற்கும் குறைவாகப் பயன்படுத்துவோருக்கு மாதச் சந்தாவே ஆதாயம். ஐபிஎல் பருவம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள்தான். ஒரு தளத்தில் பார்க்க வேண்டியவற்றை ஒரு மாதத்தில் பார்த்து முடித்து, அதை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் இன்னொன்றைத் தொடங்குவோர் நமக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. கட்டணங்கள் அடிக்கடி மாறுபவை என்பதால், புதுப்பிக்கும் முன் அன்றைய விலையை வைத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசி ரீசார்ஜுடன் "இலவசமாக" வரும் ஓடிடி திட்டங்களுக்கும் இது பொருந்தும். அந்தச் சந்தா இல்லாத ரீசார்ஜ் என்ன விலை என்று பார்த்தால் இலவசத்தின் விலை தெரிந்துவிடும்.

முன்பு ஒரு சந்தாவை உறவினர் பலரும் பகிர்ந்துகொண்டனர். 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் அதற்குத் தடை விதித்து, ஒரு கணக்கு ஒரே வீட்டாருக்கே உரியது என்றது. மகன் பெங்களூருவிலும் பெற்றோர் வேறு ஊரிலும் இருந்தால் இப்போது அவை இரண்டு வீடுகள், இரண்டு சந்தாக்கள்.

பணம் எவ்வாறு கழிக்கப்படுகிறது என்பதற்கு வருவோம். இதில்தான் வங்கியாளர்களாகிய எங்களுக்குச் சொல்லச் செய்தி அதிகம். ஒவ்வொரு மாதமும் ஓடிபி கேட்காமலே சந்தா கழிக்கப்படுவதற்கு இ-மேண்டேட் எனப்படும் மின்னணு ஆணையே அடிப்படை. ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் வகுத்த இம்முறை 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆணையைப் பதிவு செய்யும்போது ஒருமுறை கூடுதல் சரிபார்ப்பு தேவை. அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான தொகையை மறு சரிபார்ப்பின்றிக் கழிக்கலாம். தொடக்கத்தில் 2,000 ஆக இருந்த இவ்வரம்பு 2022 ஜூனில் இந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது. ஆனால் கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அந்த அறிவிப்பைப் பெற்றதும் குறிப்பிட்ட பரிவர்த்தனையை மட்டுமோ, ஆணையை முழுவதுமாகவோ ரத்து செய்யும் வசதி வாடிக்கையாளருக்கு அளிக்கப்பட வேண்டும். இவ்வசதிக்குக் கட்டணம் எதுவும் வசூலிக்கக் கூடாது.

விளம்பரக் குறுஞ்செய்திகளின் வெள்ளத்தில் அந்த ஓர் அறிவிப்பு மூழ்கிவிடுவதே நடைமுறைச் சிக்கல். கடன் தருகிறோம், பரிசு விழுந்தது என்று வருபவற்றுக்கிடையே இதையும் படிக்காமல் தள்ளிவிடுகிறோம்.

செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நம்புவோர் பலர். அவ்வாறு நிற்பதில்லை. வேறு சிலர் கார்டையே முடக்கச் சொல்வர்; அதில் உள்ள மின்கட்டண ஆணையும் உடன் பாதிக்கப்படும் என்பதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தளத்திற்குள் சென்று சந்தாவை ரத்து செய்வதோடு, வங்கிப் பக்கத்திலும் ஆணையை நீக்குவதே முறை. கார்டு வழி ஆணைகளை வங்கியின் செயலியிலோ இணையச் சேவையிலோ காணலாம்; யுபிஐ வழி ஆணைகள் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியில் இருக்கும். கூகுள் பிளே, ஆப்பிள் கடைகள் வழியாகத் தொடங்கியவை அந்தந்தக் கடையின் சந்தாப் பட்டியலில் தெரியும். தேடும்போது இந்தக் கடைசி இடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு ரூபாய்க்கு ஒரு வாரம் என்ற அழைப்பில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்த ஒரு ரூபாயைச் செலுத்த நாம் ஒப்புதல் தரும்போதே, பின்னர் பெருந்தொகை கழிப்பதற்கான ஆணையும் அதே திரையில் பதிவாகக்கூடும். ரகசிய எண்ணை இடும் முன், அந்தத் திரையில் எழுதியிருக்கும் உச்சத் தொகையையும் கால அளவையும் படித்துவிட வேண்டும். சேருவதற்கு ஒரு சொடுக்கும் விலகுவதற்குப் பத்துப் படிகளும் வைக்கும் தந்திரத்தை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சந்தாப் பொறி என்று பெயரிட்டு, தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளன. தளம் விலக விடாமல் அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

முந்நூறு ரூபாய்க்கா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். இருப்பு குறைவாக உள்ள கணக்குகளில் அந்த முந்நூறு வேறு ஒன்றின் இடத்தைப் பிடித்துவிடுகிறது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய். சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். முன்னது உயிரிழப்புக்கும் பின்னது விபத்தில் நேரும் உயிரிழப்புக்கும் தலா இரண்டு லட்சம் ரூபாய் பாதுகாப்பு அளிப்பவை. இவையும் மே மாத இறுதியில் கணக்கிலிருந்து தாமாகவே கழிக்கப்படுகின்றன. அன்று இருப்பு போதாவிட்டால் காப்பீடு அறுந்துவிடும். ஜீவன் ஜோதியில் மீண்டும் சேர்ந்தாலும் முதல் 30 நாட்களில் விபத்தல்லாத மரணத்திற்குத் தொகை கிடைக்காது. ஐபிஎல் இறுதிக் கட்டத்தை நெருங்கும் நாட்களும் பெரும்பாலும் அவையே.

ஆகையால் ஓடிடி சந்தாக்களை ஓய்வூதியம், ஊதியம், காப்பீடு ஆகியவை புழங்கும் கணக்கோடு இணைக்காமல், குடும்பத்திற்கென ஒரு தனிச் சேமிப்புக் கணக்கை ஒதுக்கி, மாதத் தொடக்கத்தில் திட்டமிட்ட தொகையை மட்டும் அதில் செலுத்தி வைக்குமாறு வாடிக்கையாளர்களிடம் கூறி வருகிறோம். குறைந்தபட்ச இருப்பு தேவையற்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்கை இதற்கென நாடுவோர், ஒருவர் ஒன்றை மட்டுமே வைத்திருக்கலாம் என்ற விதியையும் நினைவில் கொள்ள வேண்டும். முதன்மைக் கணக்கிலோ, மே 25-க்கு முன் 456 ரூபாய் மீதம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.