மூச்சை அடக்காதே!



கிணற்றிலோ கடலிலோ முங்கி, யார் ரொம்ப நேரம் தம் பிடிப்பது என்று பந்தயம் கட்டாதவர் நம் பள்ளியில் உண்டா? ஆனால் முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கும் 'ஸ்கூபா' முக்குளிப்பில் முதல் விதியே இதற்கு நேர் எதிர். எந்த நேரத்திலும் மூச்சை அடக்கக் கூடாது!

இந்தக் கோடை விடுமுறையில் புதுச்சேரியில் நீச்சல் குளப் பயிற்சியை முடித்துவிட்டு, முதல் தடவையாகப் படகில் போய் நடுக்கடலில் இறங்கினேன். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

படகில்

கரை மறைந்ததும் படகு ஆடும், தலை சுற்றும். அப்போது படகின் தரையைப் பார்க்கக் கூடாது. தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டையே பார்த்தால் குமட்டல் குறையும். இறங்குமுன் ஜோடியாக வருபவரும் நாமும் ஒருவர் கருவியை ஒருவர் சோதிக்க வேண்டும். பிறகு படகின் விளிம்பில் உட்கார்ந்து, முகக் கண்ணாடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே பின்பக்கமாகச் சாய வேண்டும். தொபீர்!

நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினோம். காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் சரியாகிவிடும். ஆழத்தில் சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடும். என் சிவப்புப் பட்டை பழுப்பாகத் தெரிந்தது! பேச முடியாது, சைகைதான். கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம்.

ஏன் மூச்சை அடக்கக் கூடாது?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. நாம் படித்த பாயில் விதிப்படி அங்கே காற்றின் கன அளவு பாதியாகிவிடும்.

அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள் மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு போனார்கள். நுரையீரலில் 6 லிட்டர் காற்று இருந்தால் 10 மீட்டரில் 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்தால் பழையபடி 6 லிட்டர்தான். ஆனால் ஸ்கூபா கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. 10 மீட்டரில் 6 லிட்டர் இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும்!

ஏன் மெதுவாக ஏற வேண்டும்?

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் மட்டும் அல்ல, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அதிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் ரத்தத்தில் கரைகிறது. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகும்? அதுபோல வேகமாக ஏறினால் உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டு வலிக்கும், முதுகுத் தண்டு பாதித்தால் கைகால் விளங்காமலும் போகும். மெதுவாக, நின்று நின்று ஏற வேண்டும் என்று ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1908-லேயே அட்டவணை போட்டுக் கொடுத்தார். நாங்கள் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றோம்.

நமக்கு என்ன?

என் சித்தப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். கம்ப்ரசர் குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் அடியில் இருப்பார். ஒருநாள் வேகமாக மேலே வந்தார். இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். "மெதுவா ஏறணும்னு எங்களுக்கு யாருமே சொல்லித் தரலடா" என்பார். குழாயில் வந்தாலும் சிலிண்டரில் வந்தாலும் ஆழத்தில் இழுக்கும் காற்றுக்கு விதி ஒன்றுதான்.

நம் பள்ளியிலும் சங்கு குளிப்பவர்களின் பிள்ளைகள் இருக்கிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம், அண்ணனிடம் சொல்லுங்கள். மூச்சை அடக்காதீங்க, மெதுவா ஏறுங்க. மேலே வந்தபின் மூட்டு வலித்தாலோ கால் மரத்தாலோ தூங்கினால் சரியாகும் என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

— பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்