ஸ்போட்ஸ் காரின் ரயர் அமுக்கம்: முன்னும் பின்னும் வேறுபடுவது ஏன்?

ரயரொன்றினுள் எவ்வளவு அமுக்கத்தில் வளியை நிரப்புதல் வேண்டும் என்னும் வினாவுக்கு, அதன் பக்கச்சுவரிலேயே விடை பொறிக்கப்பட்டுள்ளதெனப் பலர் கருதுகின்றனர். அங்கு பொறிக்கப்பட்டிருப்பது அந்த ரயருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அமுக்கமேயாகும். எந்த வாகனத்தில் அது பூட்டப்படப் போகின்றது என்பதை ரயரைச் செய்தவர் அறியார். கைக்கொள்ள வேண்டிய அளவை விதிப்பவர் வாகனத்தை வடிவமைத்தவர். அவர் விதித்த எண் கதவோரத்தில் ஒட்டப்பட்ட தகட்டிலோ வாகனத்தின் கைந்நூலிலோ காணப்படும். மெதுவாகச் செல்லும் சாதாரண காரில் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாதவர் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வர். வளைவுகளில் விரைந்து செல்வதற்கென்றே அமைக்கப்பட்ட ஸ்போட்ஸ் காரில் நிலைமை அவ்வாறன்று.

வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் ரயரின் உள்ளே அடைபட்ட வளியேயன்றி இறப்பர் அன்று. 1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்.-5 என்னும் இருவர் அமரும் சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஆட்களுடன் சேர்த்து அதன் நிறையை ஏறத்தாழ 1,100 கிலோகிராமெனக் கொண்டால், ஒரு சில்லின் மீது 275 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 606 இறாத்தல் பாரம் தங்கும். அக்காருக்கு விதிக்கப்பட்ட அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல். பாரத்தை அமுக்கத்தால் வகுத்தால், தரையைத் தொடும் பரப்பு 23 சதுர அங்குலமென வரும். பக்கச்சுவரின் விறைப்பும் சிறிது பாரத்தைத் தாங்குவதால் இது பருமட்டான கணக்கே. எனினும், ஓர் உள்ளங்கையளவான நான்கு பரப்புகளே காரைத் தெருவுடன் பிணைத்து நிற்கின்றன என்பதை இக்கணக்கு உணர்த்தும். எம்.எக்ஸ்.-5இன் நிறை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டுள்ளமையால், நான்கு ரயர்களுக்கும் ஒரே அமுக்கம் விதிக்கப்பட்டது.

நிறை சமமாகப் பங்கிடப்படாதவிடத்து நிகழ்வது யாது? கார் வளைவிலே திரும்பும்போது ரயர் தான் நோக்கும் திசையிலேயே செல்வதில்லை. பக்கவிசையால் இறப்பர் நெளிந்து, நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகின்றது. இதனை நழுவற்கோணம் எனலாம். முன்ரயர்களின் நழுவற்கோணம் பெரிதாயின் கார் சாரதி விரும்பியதிலும் குறைவாகத் திரும்பும்; சாரதி ஸ்ரியறிங்கை இன்னுஞ் சிறிது திருப்பியோ வேகத்தைக் குறைத்தோ அதனைச் சமாளித்துவிடுவார். பின்ரயர்களின் கோணம் பெரிதாயின் காரின் வாற்பகுதி வெளிப்புறமாக வீசப்படும். இதனைச் சமாளிக்கப் பயிற்சியும் விரைவும் வேண்டும். பொருத்தமான எல்லைக்குள் அமுக்கத்தைக் கூட்டினால் ரயர் விறைப்படைந்து கோணம் சிறுக்கும். குறைத்தால் கோணம் பெருகும். ஆகவே முன்னுக்கும் பின்னுக்குமுள்ள அமுக்க வேறுபாடு காரின் இயல்பையே மாற்றவல்ல ஒரு கருவியாகின்றது.

இக்கருவியை மிகையாக நம்பியதன் விளைவை ஷெவ்ரோலே கோர்வெயர் காரின் வரலாறு காட்டும். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட இக்காரின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. நிறையில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்ட பங்கு பின்சில்லுகளில் தங்கிற்று. 1962இல் வந்த மொன்ஸா ஸ்பைடர் என்னும் வகை ஸ்போட்ஸ் கார் விரும்பிகளைக் கவர்ந்தது. வாற்பகுதி வீசப்படாதிருக்க வடிவமைப்பாளர் கண்ட உபாயம் முன்ரயர்களை மென்மையாக விடுவதாகும். முன்னுக்கு 15 இறாத்தல், பின்னுக்கு 26 இறாத்தல் எனக் கைந்நூல் விதித்தது. கைந்நூலைப் பாராத உரிமையாளரும், எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவாக வளி நிரப்பிப் பழகிய பெற்றோல் நிலையத்து ஊழியரும் முன்ரயர்களுக்கு 26 இறாத்தல் ஏற்றியபோது அவ்வுபாயம் முற்றாக அழிந்துபோயிற்று.

றால்ப் நேடர் 1965இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயம் இக்காரைப் பற்றியதே. 1964ஆம் ஆண்டு மாதிரியில் முன்புறச் சமநிலைத் தண்டும் பின்புறக் குறுக்கு வில்லும் சேர்க்கப்பட்டன. 1965இல் பின்சில்லுகளின் தொங்கலமைப்பே மாற்றப்பட்டது. 1963ஆம் ஆண்டுக் கோர்வெயரைச் சமகாலத்துக் கார்கள் சிலவற்றுடன் ஒப்பிட்டுச் சோதித்த அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம், அது அவற்றிலும் கூடிய ஆபத்துடையதன்று என 1972இல் முடிவு கூறிற்று. நேடர் அதனை ஏற்கவில்லை. அம்முடிவு சரியெனக் கொண்டாலும், ஒரு காரின் உறுதிப்பாட்டை, வளிக்குழாயைப் பிடித்து நிற்கும் முன்பின்னறியாத ஒருவரின் கவனத்தில் தங்கவிடுவது நல்ல வடிவமைப்பாகாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

மேற்கூறிய எண்கள் யாவும் குளிர்ந்த நிலைக்குரியன. அதாவது கார் மூன்று மணித்தியாலமேனும் ஓடாது நின்றபின் அளக்கப்படுபவை. ஓடும்போது ரயர் நெளிந்து நெளிந்து வெப்பமடைகின்றது. கனவளவு மாறாதவிடத்து வளியின் தனியமுக்கம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமமாகும். அமுக்கமானி காட்டுவது வளிமண்டல அமுக்கத்துக்கு மேற்பட்ட பங்கையே ஆதலின், கணக்கிடும்போது அதனுடன் 14.7 இறாத்தலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 26 இறாத்தல் காட்டும் ரயர் 50 பாகையை அடையும்போது 40.7ஐ 323ஆற் பெருக்கி 293ஆல் வகுக்க 44.9 வரும், 14.7ஐக் கழித்தால் மானி 30 இறாத்தல் காட்டும். இதே கணக்கின்படி 15 இறாத்தல் 18 ஆகும். கோர்வெயரின் கைந்நூல் சூடான நிலைக்குத் தந்த அளவுகளும் 18, 30 என்பனவே. நைதரசன் நிரப்பினால் அமுக்கம் மாறாதென்பது வெறும் வியாபாரப் பேச்சு. வளியில் நூற்றுக்கு 78 பங்கு ஏற்கெனவே நைதரசன்தான், இரண்டும் ஒரே விதிக்கே அமைகின்றன.

பந்தயத் தடத்தில் ஓட்டுவோர் இவ்வெப்பத்தைக் கருதியே சூடான ரயரிலிருந்து வளியை வெளியேற்றுவர். தரைதொடு முகத்தின் வெப்பநிலையை உட்புறம், நடு, வெளிப்புறம் என மூன்றிடங்களில் அளந்து, நடுப்பகுதி அதிகம் சூடேறியிருப்பின் அமுக்கம் மிகையெனவும், இரு விளிம்புகளும் நடுவிலும் அதிகம் சூடேறியிருப்பின் குறைவெனவும் துணிவர். தடத்துக்கு இது தக்கதே. ஆனால் 30 இறாத்தலை 26க்கு இறக்கிய ரயர் குளிர்ந்ததும் 22 இறாத்தலே காட்டும். அந்நிலையில் மழைபெய்த தெருவில் ஏறுவது ஆபத்தானது. நீர்ப்படலத்தின்மேல் ரயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமைவதை 1963இல் நாசா ஆய்வாளர் ஹோர்ன், ட்றெஹர் ஆகியோர் விமான ரயர்களைக் கொண்டு காட்டினர். அவர்களது சூத்திரத்தின்படி 26 இறாத்தலில் அவ்வேகம் மணிக்கு 85 கிலோமீற்றர், 22இல் 78. கார் ரயரில் தவாளிப்புகளின் ஆழமும் நீரின் ஆழமும் இதனை மாற்றுமாயினும் போக்கு அதுவே.

குறைந்த அமுக்கம் ரயரையே சிதைக்கவும் கூடும். ஸ்போட்ஸ் காரல்லாத ஃபோர்ட் எக்ஸ்புளோறர் வாகனங்களிற் பூட்டிய ஃபயர்ஸ்டோன் ரயர்கள் ஓடும்போதே படை பிரிந்தமையால் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2000 ஓகத்தில் 65 இலட்சம் ரயர்கள் மீளப்பெறப்பட்டன. ஃபோர்ட் விதித்த 26 இறாத்தல் போதாதென ரயர் நிறுவனமும், ரயரே குறையுடையதென ஃபோர்டும் வாதிட்டன. அதனையடுத்து இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, 2008ஆம் ஆண்டு மாதிரி தொடக்கம் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் அமுக்கம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. விதித்த அளவிலும் நூற்றுக்கு 25 குறைந்த பின்னரே அது எரிய வேண்டுமென்பது சட்டம். 26 இறாத்தலுக்குரிய ரயர் 20 இறாத்தலுக்கு இறங்கும்வரை அது எரியாதிருக்கலாம். மேலும் அச்சட்டம் வேண்டுவது குறைவுக்கான எச்சரிக்கையையே, மிகைக்கு அன்று. 15 இறாத்தல் வேண்டிய முன்ரயரில் ஒருவர் 26 இறாத்தல் ஏற்றியிருந்தால், அத்தகைய விளக்கு எரிந்திராது.