தோலின் சொரசொரப்பும் கோதுமை ரொட்டியும்



மலைநாட்டுத் தோட்டங்களில் சோற்றுக்கு அடுத்த ஆகாரம் கோதுமை மா ரொட்டியே. விடியுமுன் தட்டிச் சுட்டு, சம்பலோடு பொதிந்து, கொழுந்து மலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துச் செல்லப்படுவது அது. அண்மைக் காலத்தில் அந்த ரொட்டியின்மீது ஒரு குற்றச்சாட்டு எழுந்துள்ளது. பிள்ளைகளின் கைகளில் காணும் பொரிப்பொரியான தோலுக்குக் கோதுமையே மூலம் என்றும், அதனை விலக்கினால் தோல் மழமழப்பாகும் என்றும் பலர் கூறுகின்றனர். இராகலையில் பெற்றோர் சிலர் பாடசாலை அதிபராகிய என்னிடமும் இது பற்றி வினவியதுண்டு. யான் மருத்துவன் அல்லேன். ஆயினும், வேறு உணவு வாங்க வகையில்லாத வீட்டில் ரொட்டியை நிறுத்தினால் பிள்ளையின் வயிறு வாடும் என்பதை அறிவேன். ஆதலின் மருத்துவ நூலோர் கூறுவதை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

பிசைந்த கோதுமை மா உருண்டையை நீரில் கழுவிக்கொண்டேயிருந்தால், மாச்சத்துக் கரைந்தோடிக் கையில் இறப்பர் போன்றதொரு பசை எஞ்சும். அதுவே குளூட்டன் என்னும் புரதம். பார்லியிலும் றை என்னும் தானியத்திலும் இதன் இனமான புரதங்கள் உண்டு; அரிசியிலும் குரக்கனிலும் சோளத்திலும் தீங்கு செய்யும் அப்புரதம் இல்லை. பெரும்பாலோர்க்கு இப்புரதத்தால் கேடில்லை. சிலருக்கு மாத்திரம் உடலின் காப்புப்படை இதனைப் பகையெனக் கருதிப் போர் தொடுத்துத் தன் சிறுகுடலையே சிதைத்துவிடும். இது சீலியாக் நோய் எனப்படும். கோதுமையே இதற்குக் காரணம் என்பதை ஒல்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே 1950ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

குளூட்டனால் விளைவதென ஐயத்துக்கிடமின்றித் தெளிந்த தோல் நோய் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் டூரிங் 1884இல் அதனை விவரித்து, டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிபார்மிஸ் என்று பெயரிட்டார். பெயர் நாவில் நில்லாது; அடையாளம் நினைவில் நின்றாற் போதும். இரு முழங்கைகள், இரு முழங்கால்கள், பிட்டம், முதுகு, தலை ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் கூட்டமாய், இருபுறமும் ஒத்தாற்போல் எழும். தாங்கொணா அரிப்பும் எரிவும் உண்டாகும். சொறிந்து சொறிந்து கொப்புளம் உடைந்துபோவதால், மருத்துவர் காணும்போது பொருக்கு மாத்திரமே எஞ்சியிருக்கும். 1966இல் ஆங்கில மருத்துவர்கள் இந்நோயாளரின் குடலிலும் சிதைவு இருப்பதைக் கண்டறிந்தனர். குடலும் தோலும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது அதன்பின் தெளிவாயிற்று.

நெருக்கமான லயங்களில் இதனைச் சிரங்கென மயங்குதல் எளிது. சிரங்கு விரலிடுக்குகளை நாடும்; வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றும். மேற்சொன்ன நோய் தொற்றாது. சிரங்கு மருந்தை முறைப்படி பூசியும் மாதக்கணக்கில் ஆறாத அரிப்பாயின், தோல் நோய் நிபுணரிடம் செல்வதே முறை.

பெற்றோர் என்னிடம் காட்டியதோ பெரும்பாலும் இதுவன்று. மேற்கையிலும் தொடையிலும் மயிர்க்கால்தோறும் உப்பரிசி ஒட்டினாற்போன்ற சிறு முளைகள், அரிப்பு அதிகமில்லை. இது குடும்பவழி வருவது. எம் மலைநாட்டுக் குளிரிலும் வறண்ட காற்றிலும் மிகுந்து, வயது ஏற ஏறப் பலருக்குத் தணிவது. இதற்கும் குளூட்டனுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. இதற்காக ரொட்டியை நிறுத்துவது வீண் என்பதே என் துணிபு.

மூன்றாவதாக ஒன்றுண்டு, அதற்கு இலங்கையோடும் உறவுண்டு. கொழும்பில் பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கல்ஸ், 1933ஆம் ஆண்டு, ஊட்டக்குறையால் முள்முள்ளாகும் தோலுக்குத் தேரைத்தோல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். முழங்கையிலும் முழங்காலிலும் அது தொடங்கும். உயிர்ச்சத்து 'ஏ' குறைதலே முதற் காரணமென அவர் கருதினார். கொழுப்புச்சத்துக் குறைவும் பங்குகொள்ளும் என்பர் பின்வந்தோர். குடல் சிதைந்தவர் உண்ட கொழுப்பையும் அதனோடு சேரும் உயிர்ச்சத்தையும் உறிஞ்சமாட்டார். ஆதலின் சீலியாக் நோய் இவ்வழியாகவும் தோலைச் சொரசொரப்பாக்கக் கூடும். எனினும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தேரைத்தோல் கண்டால், முதலில் நோக்க வேண்டியது தட்டில் என்ன இல்லை என்பதையே. இராகலையைச் சூழ்ந்த தோட்டங்களில் விளையும் கரட் லொறி லொறியாய்க் கொழும்புக்குப் போகிறது. அதில் ஒரு கிழங்கேனும் தேங்காய்ப்பாலோடு எம் பிள்ளைகளின் கறியில் விழுதல் நன்று.

"இது வடநாட்டார் நோயன்றோ?" எனச் சிலர் கேட்பர். 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவரிடமும் காணப்பட்டது. ஆனால் பிறப்புவழி ஏதுநிலை இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே. உண்ட கோதுமையின் அளவே பெரிதும் வேறுபட்டது. எம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அங்கே அவர் உண்டது அரிசியும் கேழ்வரகும் கம்பும். இங்கே தலைமுறைகளாய் நாம் உண்பது கோதுமை. ஆகவே எமக்கு இந்நோய் வாராதெனக் கைகழுவுதல் தகாது.

ஐயம் எழுந்தால் குருதியில் எதிர்ப்பொருளைச் சோதிப்பர். தோலில் சிறு துண்டெடுத்தும் பார்ப்பர். சோதனை முடியும்வரை வழக்கம்போல் ரொட்டி உண்ணல் வேண்டும். முன்னரே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, உள்ள நோயும் இல்லையெனத் தோன்றிவிடும். நோய் உறுதியானால், தொழுநோய்க்கு வழங்கும் டாப்சோன் மாத்திரை சில நாளில் அரிப்பைத் தணிக்கும். குடலை அது ஆற்றாது. குடல் ஆறக் கோதுமையை முற்றாக, வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டும். தோல் தெளிய மாதங்கள் பல, சிலர்க்கு இரண்டு ஆண்டுகளும் செல்லும். அத்தகையோர்க்கு அரிசி மாப் பிட்டும் குரக்கன் ரொட்டியும் உதவும். ஆனால் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில், கழுவாது குரக்கனை அரைத்து வாங்குதல் ஆகாது. அவர்தம் மாவை வீட்டிலேயே தனியாக இடித்துக்கொள்ளல் நலம்.