எலியின் தோல் ஒரு சுருக்குப்பை

பாக்டீரியா நெய்த செல்லுலோஸ் கட்டு எலிகளின் புண்ணை மளமளவென்று ஆற்றிவிட்டதாகப் படித்த வாசகி ஒருவர், சர்க்கரை நோயாளியான தன் அப்பாவின் பாதப் புண்ணுக்கு அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பொருள் நல்ல பொருள்தான். ஆஸ்பத்திரியில் வைக்கும் காஸ் துணியும் பருத்திதான், அதாவது செல்லுலோஸ்தான். ஆனால் அது காய்ந்தால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலையும் உரித்துக்கொண்டு வரும். பாக்டீரியா தரும் செல்லுலோஸ் ஏட்டின் எடையில் 99 சதவீதம் வரை தண்ணீர். இழைகளின் அகலம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. பிலிப்பைன்ஸில் தேங்காய்த் தண்ணீரின் மேல் இதை வளர்த்து, துண்டு போட்டு, ‘நாட்டா டி கோகோ’ என்று பாகில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். 1886-லேயே பிரவுன் என்ற வேதியியலாளர் இந்த ஏட்டை விவரித்துவிட்டார். பிரேசிலில் 1980-களிலேயே இது காயக் கட்டாகிவிட்டது. வரலாறு இவ்வளவு போதும்.

சிக்கல் எலியிடம் இருக்கிறது. எலியின் தோல் அடியில் உள்ள சதையோடு இறுகப் பிடித்திருப்பதில்லை. தோலுக்குக் கீழே மெல்லிய தசைப் படலம் ஒன்று உடல் முழுக்க ஓடுகிறது; நமக்கு அதன் மிச்சசொச்சம் கழுத்து போன்ற சில இடங்களில்தான் உண்டு. எலியின் முதுகில் வட்டமாகத் தோலை வெட்டி எடுத்தால், சுற்றியுள்ள தோல் முழுவதும் நடுவை நோக்கி இழுபடும். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பது போலத்தான். வாய் மூடிக்கொள்ளும், ஆனால் துணி ஓர் அங்குலம்கூடப் புதிதாக நெய்யப்படவில்லை. வாயின் அகலத்தை மட்டும் அளப்பவர் ‘90 சதவீதம் ஆறிவிட்டது’ என்று எழுதிக்கொள்வார். மனிதத் தோலோ, பலகையில் ஆணியடித்த துணி. இழுத்தால் அவ்வளவாக வராது. ஓட்டையின் விளிம்பிலிருந்து இழை இழையாகப் புதிதாக நெய்துதான் அடைக்க வேண்டும். கவனமான ஆய்வாளர்கள் இதற்காகவே எலிப் புண்ணைச் சுற்றி சிலிக்கோன் வளையம் ஒன்றை ஒட்டித் தைத்துவிடுகிறார்கள். சுருக்குப்பையின் வாயில் வளையலை மாட்டிய மாதிரி! இனி கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் வாய் மூடாது, நெய்துதான் ஆக வேண்டும். ‘எலியில் வெற்றி’ என்று அடுத்த முறை படிக்கும்போது, வளையம் போட்டார்களா என்று தேடிப் பாருங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

பன்றியின் தோல் நம் தோலுக்கு நெருக்கமானது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் காயங்களில் சிலவற்றை பாலிதீன் தாளால் மூடினார், மற்றவற்றைக் காற்றாட விட்டார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. தோல் செல்கள் ஈரத்தில்தான் ஊர்ந்து செல்லும். காய்ந்த பொருக்கு இருந்தால், ஈரம் தேடி அதன் அடியில் புகுந்து போக வேண்டும். செல்லுலோஸ் ஏடு செய்யும் முக்கியமான உதவியும் இந்த ஈரத்தைக் காப்பதுதான்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் ஹெல்சிங்கி தீக்காயப் பிரிவினர் 2016-இல் வெளியிட்டது எனக்குப் பிடித்தமானது. அவர்களுடையது மரக்கூழிலிருந்து பிரித்த நானோ செல்லுலோஸ். தீக்காயத்துக்கு ஒட்டுப் போட, உடலின் வேறிடத்தில் மெல்லிசாகத் தோலைச் சீவி எடுப்பார்கள் அல்லவா? சீவிய அந்த இடத்தில் இந்தச் செல்லுலோஸ் கட்டை வைத்தார்கள். கருவியால் சீவியதால் புண் எங்கும் கிட்டத்தட்ட ஒரே ஆழம். இழுத்து மூடும் பேச்சே இல்லை. கீழே தோல் படர்ந்ததும் கட்டு தானாகவே கழன்றது. நோயாளிகள் வெகு சிலர்தான், ஆனால் சோதனைக்கேற்ற புண்.

அப்பாவின் பாதப் புண் அப்படிப்பட்டதல்ல. ரத்த ஓட்டம் குறைந்து, உணர்ச்சி மரத்து, நடக்க நடக்க நசுங்கும் புண் அது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் எந்தக் கட்டும் மற்றொன்றைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2015-இல் கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு சொன்னது. விலை உயர்ந்த கட்டுகளும் இதில் அடக்கம். பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா, கிருமி எலும்புவரை இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். புண்ணின் மேல் உடல் எடை விழாதபடி தனிக் காலணியோ மாவுக்கட்டோ தேவையா என்பதையும் கேளுங்கள். இவற்றுக்கு வழி செய்த பிறகு செல்லுலோஸ் கட்டைப் பற்றிப் பேசலாம்.