மருந்து உறையிலும் மலாய்ப் பாடம்

'செபிஜி ஏப்பல், செபிஜி தெலூர்' என்று மளமளவென ஒப்புவிக்கும் பிள்ளையிடம் பாட்டியின் மருந்து உறையை நீட்டிப் பாருங்கள். 'மாக்கான் 2 பிஜி, 3 காலி செஹாரி, செலெப்பாஸ் மாக்கான்.' பழத்துக்குப் படித்த 'பிஜி' மாத்திரைக்கும் வருமா என்று பிள்ளை தயங்கும். 'மாக்கான்' ஏன் இரண்டு முறை? முதலாவது மாத்திரைக்கு, அடுத்தது சோற்றுக்கு. தமிழிலும் மருந்தைச் 'சாப்பிடுகிறோம்' என்றுதானே சொல்கிறோம்! 'செலெப்பாஸ்' என்றால் பின், 'செபெலும்' என்றால் முன். இங்கே தடுமாறினால் போவது மதிப்பெண் அல்ல, பாட்டியின் உடம்பு.

பாடத்துக்கென்று எழுதப்படாத இத்தகைய அசல் பொருள்களை வகுப்பில் பயன்படுத்தும் முறை 1970களிலிருந்து உலகெங்கும் பரவியது. உரையைச் சுருக்கக் கூடாது. கேள்வியைத்தான் எளிதாக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் எண்களைக் கண்டுபிடித்தால் போதும். ஆறாம் ஆண்டு மாணவர் பாட்டிக்குத் தமிழில் விளக்க வேண்டும்.

தஞ்சோங் கிளிங்கில் இதற்குப் பஞ்சமில்லை. ஊர்ப் பெயரே ஒரு பாடம்: 'தஞ்சோங்' என்றால் கடலுக்குள் நீளும் நிலமுனை. ஹங் துவா சமாதியின் அறிவிப்புப் பலகை, தண்ணீர் பில், பள்ளிக் கடிதம் எல்லாமே உதவும். மலாய்மொழி போதாமல் புகுமுக வகுப்பில் கூடுதலாக ஓராண்டு படிக்க நேரும் நம் பிள்ளைகளுக்கு இது செலவில்லாத பயிற்சி.

வகுப்புக்குக் கொடுக்குமுன் உறையிலுள்ள பெயர், அடையாள அட்டை எண்ணை மறைத்துவிடுங்கள். பிள்ளை சரியாகப் படித்தாலும் மருந்தைப் பெரியவர்களே எடுத்துக் கொடுக்கட்டும்.