ஒரே கரு, பல வழங்கல்கள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், கணினியின் வன்பொருளை இயக்கும் உட்கரு மட்டுமே. அதனுடன் மென்பொருள்களையும் திரைத்தோற்றத்தையும் சேர்த்து முழு இயங்குதளமாகத் தரும் தொகுப்பே 'வழங்கல்' எனப்படுகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது தமிழக அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்த பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்னும் வழங்கலை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய வழங்கலாகும். வழங்கல்களைப் பிரிப்பது பெரும்பாலும் பயனரின் கைப்பழக்கமே. திரையின் இடப்பக்கக் கீழ்மூலையில் பட்டியைத் தேடிப் பழகியவர் மின்ட்டை நாடுகிறார். ஆறு மாதத்துக்கொரு புதுமை வேண்டுபவர் உபுண்டுவையும், ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வரும் மாற்றமே போதும் என்பவர் டெபியனையும் தேர்கின்றனர்.