மலையேறிய அறிஞரும் சுரங்கத் தூசியும்

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் வைஸ்ஹார்ன் சிகரம் 4,506 மீட்டர் உயரமுடையது. 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் வழிகாட்டிகள் இருவருடன் அதன் உச்சியை முதன்முதலில் அடைந்தவர், அயர்லாந்தில் பிறந்த பௌதிக அறிஞர் ஜான் டிண்டால். பனியாறுகளை ஆராய்ந்த அவர், காற்றில் மிதக்கும் தூசியையும் ஆராய்ந்தார். இருட்டறையில் வலிய ஒளிக்கற்றையைச் செலுத்தினால், கண்ணுக்குப் புலப்படாத துகள்களும் ஒளியைச் சிதறச் செய்து தம்மை வெளிப்படுத்தும். இதுவே டிண்டால் விளைவு எனப்படும்.

இவ்வுண்மை சுரங்கத் தொழிலாளரின் உயிரோடு தொடர்புடையது. கோலார் தங்க வயலில் பொன் குவார்ட்ஸ் என்னும் கல்லில் கலந்திருந்தது. அக்கல்லைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தழும்புகளை உண்டாக்கும். தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் பலர் இந்தச் சிலிக்கோசிஸ் நோய்க்கு இரையாயினர். அந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை.

பெரிய தூசி அடங்கிய பின்னரும் நுண்ணிய துகள்கள் நெடுநேரம் மிதக்கும். நுரையீரலின் ஆழத்தை எட்டுபவை அவையே. ஆகவே, தெளிவாகத் தோன்றும் காற்றெல்லாம் தூயதன்று.

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எனினும் கல் உடைக்கும் இடங்களில் இவ்வபாயம் நீடிக்கின்றது. நீர் தெளித்துத் துளையிடுதலும் நல்ல காற்றோட்டமும் தூசியைக் குறைக்கும். கூரையின் துளை வழியே வகுப்பறைக்குள் விழும் சூரியக் கதிரைக் காட்டி, ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம்.